யவனர் கல்லும் நம் பள்ளித் தூணும்

மேலைக் கடல் கடந்து வந்தோரை நம் சங்கச் சான்றோர் யவனர் என்றனர். கிரேக்கரை அறபு நூலோர் யூனானியர் என்றனர். இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே: ஈஜியன் கடலின் கீழைக் கரையிலிருந்த அயோனியா. அரிஸ்டாட்டிலின் தருக்கத்தையும், யூக்ளிடின் கணிதத்தையும், ஜாலினூஸின் மருத்துவத்தையும் அறபு வழியாகப் பெற்ற நாம் அவற்றை நமதென்றே போற்றுகிறோம். ஆனால் அந்த மக்களின் கலை என்றதும், ‘அது விக்கிரகங்களின் கதை’ என்று முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். இது தகுமா?

அக்கலை விக்கிரகத்தில் தொடங்கவில்லை; கோட்டில் தொடங்கிற்று. ஏறத்தாழ கி.மு. 900 முதல் 700 வரையிலான காலத்தை வடிவியற் காலம் என்பர். ஏதென்ஸின் திப்பிலோன் இடுகாட்டில் கிடைத்த சாடியொன்று 1.5 மீட்டருக்கும் மேல் உயரமுடையது. அதன் மேனியெங்கும் கோடுகளும் மடிப்புப் பட்டைகளும் நிறைந்துள்ளன. நடுவே ஒரு சாவுச் சடங்கு. அழுவோரின் மார்புகூட வெறும் முக்கோணமே.

பின்னர் எகிப்தின் தொடர்பு வளர்ந்தது. இடக்கால் முன்வைத்து, கைகளை உடலோடு ஒட்டி, இதழில் மாறாத முறுவலோடு நிற்கும் கல் இளைஞர்கள் தோன்றினர். கோயில்களும் மரத்திலிருந்து கல்லுக்கு மாறின. பருத்த டோரிக் தூணும், சுருள் தலை கொண்ட அயோனிக் தூணும் உருவாயின. இலைக்கொத்து சூடிய கொரிந்தியத் தூண் பின்னர் வந்தது.

கி.மு. 447 முதல் 432 வரை எழுந்த பார்த்தினான் கோயிலே இவற்றின் சிகரம். இக்தினோசும் கல்லிக்ராத்தசும் அதன் சிற்பிகள். சிலைப் பணிகளுக்குத் தலைவர் ஃபிடியாஸ். முகப்பில் 8 தூண்கள், பக்கவாட்டில் 17. தளம் நடுவில் சற்றே உயர்கிறது. தூண்கள் சற்றே உட்சாய்கின்றன. நேர்கோடு போல் தோன்றும் எதுவும் அங்கே முற்றிலும் நேரன்று. இது கணக்கறிந்த கைகளின் வேலை.

அலெக்சாந்தர் கி.மு. 323இல் மறைந்தபின் கலையின் முகம் மாறிற்று. முதுமையும் வலியும் சாவும் கல்லில் ஏறின. பெர்காமோன் மன்னரிடம் தோற்ற பகைவன் குருதி சிந்திச் சாயும் உருவம், உரோமர் செய்த பளிங்குப் படியாக இன்றும் உளது. இறைவனை மனித உருவில் அடக்க முனைந்தவர்கள், முடிவில் மாளும் மனிதனையே வடித்தனர். தவ்ஹீதைக் கற்றவனுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எங்கே கிடைக்கும்?

ஃபிடியாஸ் பொன்னாலும் தந்தத்தாலும் செய்த அதீனா சிலை அழிந்துவிட்டது. அது நின்ற கட்டடமோ முதலில் தேவாலயமாயிற்று. உதுமானியர் ஏதென்ஸை வென்றபின் மினாரா எழுப்பப்பெற்றுப் பள்ளிவாசலாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் அதனைக் கண்ட துருக்கியப் பயணி எவ்லியா செலபி வியந்து எழுதினார். 1687இல் அங்கு உதுமானியர் வைத்திருந்த வெடிமருந்தின்மீது வெனிசியரின் குண்டு விழ, அது சிதைந்தது. அச்சிதைவில் இரு சாராருக்கும் பங்குண்டு.

ஆயினும் தூண் வாழ்ந்தது. கலீபா முதலாம் வலீது 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய திமிஷ்கின் பெரும்பள்ளியிலும், கைரவான் பள்ளியிலும் கொரிந்திய இலைக்கொத்துத் தலைகள் கொண்ட பழந்தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. அவற்றினிடையே அணி வகுத்துத் தொழுத நம் முன்னோர், தூணைக் கண்டு அஞ்சவில்லை, அதனை வணங்கவுமில்லை. சிலையை விடுத்து அளவை எடுத்துக்கொண்டனர்.

விலக்க வேண்டியதை விலக்குவதற்கும் முதலில் அதனை அறிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்வது பேணுதல் ஆகாது. நம் மத்ரஸா மாணவன் யூனானியரின் தருக்கத்தோடு அவர்தம் தூணையும் கற்கட்டும். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் பகுத்தறிவு அவனுக்கு அங்கேயும் வளரும்.