மண்ணில் உறங்கும் செல்வம்

மலை என்றதும் நம் மனக்கண்முன் எழுவது பசுமை. காடு என்றதும் எழுவது மரம். அம்மரங்கள் காலூன்றி நிற்கும் மண்ணை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. கண்ணுக்குத் தெரியும் செல்வத்தைப் போற்றுவதும், தெரியாத செல்வத்தை மறப்பதும் மனித இயல்பு போலும்!

உலகத்து மண், தன் மேற்புறத்து ஒரு மீட்டர் ஆழத்துள் அடக்கி வைத்திருக்கும் கரியானது, காற்றிலும் தாவரங்களிலும் உள்ள கரியை ஒருங்கே கூட்டினாலும் அதனினும் மிகுதி என்பர் அறிவியலார். இலை ஈர்த்த கரியமில வாயு மரமாகிறது. பின்னர்ச் சருகாகவும் வேராகவும் மண்ணை அடைகிறது. பூஞ்சையும் நுண்ணுயிரும் அதனை உண்டு பெரும்பகுதியைக் காற்றுக்கே திருப்பியனுப்புகின்றன. எஞ்சியது மட்காகி, மண் துகள்களைப் பற்றிக்கொண்டு நெடுங்காலம் தங்குகிறது. சமவெளியின் வெப்பத்தில் இச்செலவு விரைந்து நடைபெறும். குளிரும் ஈரமும் மிகுந்த மலையிலோ செலவு குறைகிறது, சேமிப்பு வளர்கிறது.

இவ்வுண்மையை நான் ஏட்டில் கற்றதைவிடக் கேமரன் மலையில் கண்டதே மிகுதி. ஒருமுறை மாணவர் சிலருடன் பிரிஞ்சாங் மலையுச்சிக்குச் சென்றிருந்தேன். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் அது. குறுகி வளைந்த மரங்கள் பாசிப் போர்வை போர்த்து நின்றன. காலடி மண் கறுத்து, பஞ்சுபோல் அமிழ்ந்தது. மாணவன் ஒருவன், "மரத்தை வெட்டினால் என்ன, ஐயா? வேறு மரம் நட்டுவிடலாமே!" என்றான். "மரத்தை நடலாம், தம்பி, இம்மண்ணை நட முடியுமா?" என்று கேட்டேன். அவன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தான்.

இறங்கும் வழியெங்கும் தேயிலைச் சரிவுகளும் காய்கறித் தோட்டங்களும் விரிந்திருந்தன. அச்சரிவுகளில் நம் முன்னோரின் வியர்வை கலந்துள்ளது. கூலிக்கு உழைத்த அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. எந்தச் சரிவைத் திருத்துவது, எதனை விடுவது என்று முடிவு செய்தவர்கள் அவர்களல்லர். ஆயினும் காடழிந்த சரிவின் நிலையை மறைப்பதற்கில்லை. நிழல் நீங்க, மண் வெப்பமடைகிறது. உறங்கிய கரி வாயுவாகிறது. மழையோ மேல்மண்ணை வாரிச் செல்கிறது. 1963ஆம் ஆண்டு முதல் நீர் தேக்கிவரும் ரிங்லெட் அணையில் அம்மண்ணே சேறாய்ப் படிந்தது. 2013ஆம் ஆண்டு அக்டோபரில், கனமழையால் நிரம்பிய அவ்வணை திறக்கப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் மனித உயிர்கள் பலியாயின.

அங்ஙனமாயின் காட்டைத் தொடவே கூடாதா எனச் சிலர் வினவலாம். தொடும் முறையில்தான் வேறுபாடு உள்ளது. செங்குத்தான சரிவுகளையும் ஆற்றோரங்களையும் விட்டுவைத்தல், மரம் இழுக்கும் கனரக வண்டிகளின் தடங்களைக் குறைத்தல், கிளைகளையும் சருகுகளையும் எரிக்காது மண்ணுக்கே விடுதல், அடுத்த வெட்டுக்குப் போதிய காலம் காத்திருத்தல் ஆகியன மண்ணின் சேமிப்பைப் பெரிதும் காக்கும்.

அழிந்த நிலமும் மீளக்கூடும் என்பதற்குக் கெப்போங் சான்று. ஈயச் சுரங்கங்களாலும் காய்கறித் தோட்டங்களாலும் வறிதாகிய அவ்விடத்தில் 1920களில் மரம் நடத் தொடங்கினர். இன்று அது அடர்காடு. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. ஆனால், அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. வெப்பமான தாழ்நிலத்திலேயே இத்துணைக் காலமாயின், குளிர்ந்த மலையுச்சியில் மட்கு மீண்டும் திரள எத்துணைக் காலம் வேண்டும்!

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். குறிஞ்சித் திணையைக் கற்பிக்கும்போது யாம் யாமத்தையும் கூதிரையும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். மலைமண்ணின் ஒரு பிடியில் நிலமும் பொழுதும் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதையும் மாணவர்க்குக் காட்டுவோமாக. காலம் சேர்த்த பொருளைக் காலமே மீட்டுத்தர வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தால், நாளை கோடரிக்கு ஆணையிடும் இடத்தில் அமரும்போது சற்றே தயங்குவர். அத்தயக்கமே மலைக்குப் போதிய காவல்.