மூச்சு வாங்க வந்த திமிங்கிலம்

 

சென்ற சித்திரை விடுமுறையில் குடும்பத்தோடு கரவெட்டிக்குப் போயிருந்தோம். முன்பு என்னோடு ஒரே பாடசாலையில் கற்பித்த நண்பரின் வீடு அங்கே இருக்கிறது. அவருடைய தாயார் எண்பது வயதைத் தாண்டியவர். அங்கிருந்து நாங்கள் திருகோணமலைக்குத் திமிங்கிலம் பார்க்கப் போவதைக் கேள்விப்பட்டதும், "மௌலவி, திரும்பி வந்து எனக்கு ஒண்டும் விடாமல் சொல்லவேணும்" என்றார்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கும் காலம். கரைக்கு அருகிலேயே ஆழமான கடற்பள்ளம் இருப்பதால், உலகின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கிலம் அங்கே கரைக்குக் கிட்டவே வருகிறது. முழு வளர்ச்சி பெற்றால் ஏறத்தாழ 30 மீற்றர் வரை நீளக்கூடிய படைப்பு அது!

சுபஹ் தொழுதுவிட்டு உப்புவெளியில் படகேறினோம். ஒரு மணி நேரம் சென்றிருக்கும். தூரத்தில் நீர்ப்புகை ஒன்று உயர எழுந்தது. சாம்பல் நீல முதுகு தெரிந்தது. "சுப்ஹானல்லாஹ்!" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "தம்பி, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்றும் சொன்னேன். எங்களைப் பார்த்து மற்றப் படகுகளும் விரைந்தன. திமிங்கிலம் சட்டென்று ஆழத்தில் மறைந்தது.

பத்து வயது மகள் கேட்டாள்: "வாப்பா, அது மூச்சு எடுக்கத்தானே மேல வந்தது? நாம எடுக்க விட்டோமா?"

நான் வாயடைத்துப் போனேன். திமிங்கிலம் மீனல்ல. நம்மைப் போல் நுரையீரலால் சுவாசிப்பது. ஆழத்தில் இரை தேடிவிட்டு மேலே வந்து, பல முறை மூச்செடுத்த பிறகே மீண்டும் மூழ்கும். படகோட்டியிடம் கேட்டேன். "நூறு மீற்றருக்குக் கிட்டப் போகக் கூடாதெண்டு 2012-லேயே சட்டம் வந்திட்டுது, சேர். வாறவங்கள்தான் கிட்டப் போகச் சொல்லுறாங்க" என்றார். அப்படிச் சொன்னவர்களில் அன்று முதல் ஆள் நான்!

மாணவர்களுக்கு எத்தனையோ முறை ஒரு ஹதீஸைப் பாடம் நடத்தியிருக்கிறேன். அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற முந்நூறு ஸஹாபாக்கள் பசியால் வாடியபோது, 'அன்பர்' என்னும் பெரும் கடற்பிராணியைக் கடல் கரையில் ஒதுக்கியது. அதன் விலா எலும்பை நிறுத்தியபோது ஒட்டகம் அதன் கீழே நடந்து சென்றது. அவர்களுக்கு இருந்தது வயிற்றுப் பசி. அல்லாஹ் ரிஸ்க் அளித்தான். எனக்கு இருந்ததோ கண்ணின் பேராசை மட்டுமே.

இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கச் சொன்னேன். வெகு நேரம் கழித்துத் தொலைவில் ஒன்று எழுந்தது. மகள் அதன் மூச்சை எண்ணினாள். ஐந்தாவது மூச்சுக்குப் பிறகு அகன்ற வாலை உயர்த்தி, அது தானாக மூழ்கியது. படகில் யாரும் பேசவில்லை. என் மனைவியின் கண்கள் கலங்கியிருந்தன.

கரவெட்டிக்குத் திரும்பி, அந்தத் தாயாரிடம் என் பிழையையும் மறைக்காமல் சொன்னேன். "அதையும் சொன்னது நல்லது. பிள்ளை கேட்டதை மறந்திடாதேங்கோ" என்று சொல்லித் தேநீர் ஊற்றித் தந்தார்.

சகோதரிகளே! பிள்ளைகளோடு நீங்களும் ஒரு நாள் போங்கள். படகேறும் முன்பே, "தூரத்தில் நிறுத்துங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்" என்று படகோட்டியிடம் சொல்லிவிடுங்கள். பணம் கொடுக்கும் நாம் சொன்னால் அவர் கேட்பார். வாயற்ற அந்தப் படைப்புக்கு நிம்மதியாக மூச்சு வாங்க வழி விட்டவர்களாக, இன்ஷா அல்லாஹ், நாம் கரை திரும்பலாம்.