சொந்த வீடு

உறையுள், இல், மனை, அகம் என வீட்டிற்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. அவற்றுள் அகம் என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். மனம் அமைதியாகத் தங்கும் இடமே வீடு என்று நம் முன்னோர் கருதினர் போலும். அவ்வமைதி சொந்த வீட்டில்தான் கிட்டுமா, வாடகை வீட்டிலும் கிட்டுமா என்பது பலர் எண்ணிப் பார்க்கும் வினாவாகும். நான் தென்காசியில் 16 ஆண்டுகள் வாடகை வீடுகளில் குடியிருந்தேன். பின்னர் அவ்வூருக்கும் குற்றாலத்திற்கும் இடையேயுள்ள மேலகரத்தில், புதிதாகக் கட்டிய வீடொன்றை வாங்கிக் குடிபுகுந்தேன். இருவகை வாழ்வையும் அறிந்தவன் என்ற முறையில் சில கூற விழைகின்றேன்.

ஆசிரியப் பணி ஏற்றுத் தென்காசிக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்த முதல் வீடு ஒரு வளவில் இருந்தது. வளவு என்பது நெல்லைச் சீமையில் வழங்கும் ஒரு குடியிருப்பு முறை. தெருவை நோக்கி ஒரே வாயில். உள்ளே நீண்ட நடை. நடையை ஒட்டி அடுத்தடுத்துச் சிறு வீடுகள். கோடியில் ஒரு பொதுக் கிணறு. வீடு என்பது முன்னே தார்சா, நடுவே பட்டாசாலை, பின்னே அடுக்களை, அவ்வளவே. ஒரு வீட்டில் தாளிக்கும் மணம் எட்டு வீடுகளுக்கும் எட்டும். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் எட்டு வீட்டுத் தாய்மாரும் எட்டிப் பார்ப்பர். கிணற்றடியில் முறை வைத்து நீர் இறைக்கவும், இரவில் குரல் தாழ்த்திப் பேசவும், பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணவும் அவ்வளவு எங்களுக்குக் கற்றுத் தந்தது. இந்த வகையில் வாடகை வீடு ஒரு நல்ல பள்ளிக்கூடம் என்றே கூறலாம்.

ஆயினும், அங்கே ஓர் அமைதியின்மையும் உண்டு. வாடகை உடன்படிக்கையைப் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதி வந்தனர். ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுவதால், அதனைத் தவிர்க்க எழுந்த வழக்கம் இது. வாடகை உடன்படிக்கை எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு பெற வேண்டும் என்னும் புதிய தமிழ்நாட்டுச் சட்டம் 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. எனினும், குடியிருப்போர் மனத்திலிருந்து அந்தப் 11 என்னும் எண் எளிதில் நீங்குவதில்லை. சுவரில் ஆணி அடிக்கும்போதும் அது நினைவிற்கு வரும். என் தாயார் முல்லைக்கொடி ஒன்றை மண்தொட்டியிலேயே வளர்த்து வந்தார். நான்கு வீடுகளுக்கும் அத்தொட்டி வண்டியேறி எங்களுடன் வந்தது. தரையில் நட்டால் விட்டுப் போக நேரும் என்று அவர் ஒருபோதும் வாய்விட்டுக் கூறியதில்லை.

மூன்றாவது வீடு மாடியில் அமைந்தது. அங்கிருந்தபோது, ஓர் ஐப்பசி மாதத்தில், 78 வயது நிரம்பிய என் தந்தையார் நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையில் வீழ்ந்தார். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் மேலே வந்து அன்போடு நலம் கேட்டார். நெடுநேரம் அருகில் அமர்ந்திருந்தார். விடைபெறும்போது, தை மாதத்தில் தம் மகளின் திருமணம் அவ்வீட்டு வாசலில் பந்தலிட்டு நடைபெறவிருப்பதை இரண்டு முறை கூறிச் சென்றார். அவர் கூறாமல் விட்டது என் தந்தையாருக்குப் புரிந்தது. "ஐயா, தை பிறப்பதற்குள் வேறு வீடு பார்த்துவிடு. அந்தப் பிள்ளையின் கல்யாணத்திற்கு நாம் இடைஞ்சலாக இருக்கலாகாது" என்றார். அவர் உடல் தேறி எழுந்தார். அதற்குள் நாங்கள் வீடு மாறிவிட்டோம். அவ்வீட்டுக்காரரை நான் குறை கூறேன். தம் வீட்டில் மங்கலம் நிகழ வேண்டும் என்று விரும்புவது எவர்க்கும் இயல்பே. ஆனால், ஒரு முதியவர் தம் நோயைக் குறித்துப் பிறரிடம் நாண வேண்டிய நிலை என் உள்ளத்தை உறுத்தியது. சொந்த வீடு வேண்டும் என்னும் எண்ணம் அன்றுதான் என்னுள் வேரூன்றியது.

நான்காவது வீடு குற்றாலச் சாலையில் இருந்தது. குற்றாலம் நாள் வாடகையால் வாழும் ஊர். ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்திற்கும் மக்கள் திரள்வர். அப்போது விடுதிகளே அன்றி வீடுகளும் நாள் கணக்கில் வாடகைக்குப் போகும். ஓராண்டுக் குடிக்கூலியைவிடச் சில மாதச் சாரல் மிகுதியாக ஈட்டித் தரும் இடத்தில், நிலையாகக் குடியிருக்க விரும்புவோர்க்கு வீடு கிடைப்பது அரிதாகும். அருவியின் ஓசை கேட்கும் தொலைவில் இருந்தும், ஆண்டுதோறும் அச்சாரலைச் சிறிது அச்சத்தோடே நாங்கள் எதிர்நோக்கினோம்.

வீடு வாங்குவதென்று துணிந்தபோது எனக்கு வயது 42. வங்கிக் கடனை 18 ஆண்டுகளில் அடைக்க வேண்டும். பணி ஓய்வு பெறும் 60ஆம் வயதில்தான் கடைசித் தவணை முடியும். ஆக 216 தவணைகள். மாணவர்க்குக் கணக்குக் கற்பிக்கும் நான், என் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டியாயின், ஓர் இலட்சம் ரூபாய்க் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 905 ரூபாய் ஆகும். முதல் மாதத் தவணையில் 708 ரூபாய் வட்டிக்கே போய்விடும். 197 ரூபாயே முதலில் கழியும். 18 ஆண்டு முடிவில், வாங்கிய ஓர் இலட்சத்திற்கு வட்டியாக மட்டும் ஏறத்தாழ 95,000 ரூபாய் செலுத்தியிருப்போம். இக்கணக்கைப் பாராமல் கடன் வாங்குவது தகாது.

இத்துணைச் சுமை வேண்டுமா என்று வினவுவோரும் உளர். அவர் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஐரோப்பாவில் வியன்னா நகர மக்களுள் பெரும்பாலோர் வாடகை வீடுகளில்தான் வாழ்கின்றனர்; நகராட்சியே கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளும் அங்கு மிகப் பல. நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில், 1960ஆம் ஆண்டில் தோன்றிய வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்கு வீடுகளே மிகுதி. அவற்றை வாங்குவோர்க்குக் கிடைப்பது 99 ஆண்டுக் குத்தகை உரிமையே. வெளியேற்றப்படுவோம் என்னும் அச்சம் நீங்கினால், வாடகை வீட்டிலும் மனம் அமைதி பெறும் என்பதை இவை காட்டுகின்றன. அவ்வச்சம் எங்களை விட்டு நீங்காமையால் நாங்கள் கடனைத் தேர்ந்துகொண்டோம்.

வீடு வாங்குவோர் அவ்வூரின் காற்றையும் மழையையும் அறிந்திருத்தல் வேண்டும். செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாயாக அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று அவ்விடைவெளி வழியே புகுந்து தென்காசிப் பகுதியில் வீசும். மலைக்கு அப்பால் பெருமழையாய்ப் பெய்வது இப்பால் சாரலாய்த் தூவும். சாரல் நேராக விழுவதன்று. காற்றோடு சாய்ந்து வருவது. ஆதலின் இவ்வூர் வீடுகளில் மேற்குச் சுவரே முதலில் நனையும். பழைய ஓட்டு வீடுகள் தாழ்வாரத்தைத் தாழ இறக்கிச் சுவரைக் காத்தன. இக்காலத்துக் காரைத் தள வீடுகளில் சுவர் வெளிப்பட்டு நிற்கின்றது.

"ஐயா, புது வீட்டைச் சித்திரையில் பார்த்தால் வெள்ளையடித்ததைத்தான் பார்ப்பீர்கள், ஆடியில் பார்த்தால் சுவரைப் பார்ப்பீர்கள்" என்றார் முதிய கொத்தனார் ஒருவர். அவ்வாறே ஆடி மாதத்தில், சாரல் விடாது தூவிய ஒரு நாளில், அவரையும் உடன் அழைத்துச் சென்றேன். அவர் மேற்கு அறையின் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சன்னலுக்கு அடியில் ஈரம் கசிந்திருந்தது. மாடிக்குச் சென்று ஒரு குடம் நீரைக் கவிழ்த்தார். தட்டோடு பதித்த தளத்தில் அது தேங்காமல் வடிகுழாயை நோக்கி ஓடியது கண்டு தலையசைத்தார். சன்னல் மேல் மறைப்பை இன்னும் ஒன்றரை அடி நீட்டி, மேற்குச் சுவரை மீண்டும் பூசித் தந்தால் வாங்குவதாகக் கூறினோம். கட்டியவரும் இசைந்து அதனைச் செய்து கொடுத்தார்.

சுவரைப் பார்ப்பது போலவே பத்திரங்களையும் பார்த்தல் வேண்டும். நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை மூலப்பத்திரம் காட்டும். அதன்மேல் அடமானம் முதலியன பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்று காட்டும். வருவாய்த் துறையில் யார் பெயரில் உள்ளது என்பதைப் பட்டா காட்டும். கட்டடம் ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி எழுந்துள்ளதா என்பதையும் ஒப்பிடல் வேண்டும். வழக்கறிஞர் ஒருவர் இவை அனைத்தையும் படித்துப் பார்த்த பின்னரே நாங்கள் கையொப்பமிட்டோம். முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என விலைக்கு மேலும் செலவு உண்டு. வீட்டு விலையை மட்டும் எண்ணிப் பணம் சேர்ப்போர் இறுதியில் திகைப்பர்.

பத்திரப் பதிவு முடிந்து திரும்பியபோது, எம் புதிய ஊரின் பழஞ்செய்தி ஒன்று நினைவிற்கு வந்தது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்தில் பிறந்தவர். அந்நூலைப் பாராட்டி, மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் வழங்கினார். அக்கொடை செப்பேட்டில் பொறிக்கப்பெற்றது. அந்நிலத்திற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் வழங்கலாயிற்று. கவிராயர் பாட்டுக்கு நிலம் பெற்றார். நான் 216 தவணைக்குப் பெற்றேன் என்று கூற, என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். துணிவு கொண்ட நாள் முதல் அவள் அவ்வாறு சிரித்து நான் கண்டதில்லை.

ஆவணியில் ஒரு விடியற்காலையில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். தந்தையார் தமக்கென ஒதுக்கிய அறையில் கட்டிலை மேற்குச் சன்னலருகே போடச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். முதல் நாள் இரவு அவர் இருமினார். முன்பெல்லாம் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார். அன்று அவ்வாறு செய்யவில்லை. அவ்வொலியைக் கேட்டபோது, கட்ட வேண்டிய தவணைகள் எனக்குச் சுமையாகத் தோன்றவில்லை.

எனினும், வீட்டை வாங்குதல் ஒரு நாட்செயல். அதனைக் காத்தல் வாழ்நாட்செயல். இதனைத் தென்காசிக்கு உணர்த்தியவன் பராக்கிரம பாண்டியன். 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய அம்மன்னன், தான் கட்டியதைப் பெருமையாகப் பாடி நிறுத்தவில்லை. பிற்காலத்தில் அக்கோயில் பழுதுற்றால் அதனைச் செப்பனிட்டுக் காப்பவர் எவராயினும் அவர் அடிகளைத் தான் வணங்குவதாகக் கல்லில் எழுதி வைத்தான். அவன் அஞ்சியவாறே கோபுரம் சிதைந்து நெடுங்காலம் நின்றது. பலர் முயற்சியால் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து, 1990ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. கட்டிய மன்னனே காப்பவரை வணங்குகின்றான் எனில், காத்தலின் பெருமையை வேறு எவர் கூற வேண்டும்? ஆண்டுதோறும் ஆனிக்கு முன் நான் மாடிக்குச் சென்று வடிகுழாய்களில் அடைந்த சருகை அகற்றுகின்றேன். 2003ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டியையும் தூர் வாருகின்றேன்.

இதனைப் படிக்கும் மாணவர் பலர் வாடகை வீட்டில் வாழ்வோராக இருக்கலாம். அதனால் நாணமுற வேண்டியதில்லை. குடியிருக்கும் வீட்டைப் பேணுவோரே அவ்வீட்டிற்குப் பெருமை சேர்ப்போர். எங்கள் வீட்டு மாடியில் இப்போது ஓர் இளங்குடும்பம் குடியிருக்கின்றது. அவர்கள் வந்து இறங்கிய நாளில், பொருள்களோடு ஒரு தொட்டி முல்லையும் வந்தது. என் தாயார் அதனைக் கண்டார். தம் முல்லை படர்ந்திருக்கும் மதிலோரத்தில் ஒரு குழி தோண்டச் சொன்னார். தொட்டியைத் தூக்கி நின்ற அப்பெண் தயங்கினாள். "தரையிலேயே வை, தாயி. நீங்கள் இருக்கும்வரை பூ உங்களுக்கு" என்றார். தொட்டி மண் குழியில் இறங்கியது.