கூப்பிட்டவர் கொடுக்கட்டும்!

தபால்காரர் ‘நாட்பெய்டு’ கடிதம் கொண்டுவந்து நீட்டிய காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். எழுதியவர் தலை ஒட்டாமல் பெட்டியில் போட்டுவிடுவார். வாங்குகிறவர் இரட்டிப்புக் கூலி கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டு வரையில் பெரும்பாலான கடிதங்கள் இந்த ரகந்தான். ரௌலண்ட் ஹில் என்பவரின் யோசனைப்படி ஒரு பென்னித் தலை வந்த பிறகே, அனுப்புகிறவர் முன்கூட்டிக் கொடுப்பது வழக்கமாயிற்று. நமது தேசத்துக்கு 1854-இல் அரையணாத் தபால் வந்தது.

கைப்பேசி தோன்றியதும் தீர்ந்துபோன இந்த வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்தது. பேச்சுக்குக் கூலி கொடுக்கவேண்டியவர் யார்? கூப்பிடுகிறவரா, கூப்பிடப்படுகிறவரா? தேசத்துக்குத் தேசம் தீர்ப்பு மாறியது.

அமெரிக்காவில் கைப்பேசிக்கென்று தனி எண் வரிசை வைக்கவில்லை. நியூயார்க் நகரத்தில் 212 என்று தொடங்கும் எண் வீட்டுத் தொலைபேசியாகவும் இருக்கலாம். ஒருவர் சட்டைப் பையில் இருப்பதாகவும் இருக்கலாம். கூப்பிடுகிறவருக்கு வித்தியாசமே தெரியாதபோது அவரிடம் அதிகக் கூலி கேட்பது எப்படி நியாயமாகும்? ஆகவே, கைப்பேசி வைத்திருப்பவரே தமக்கு வரும் பேச்சுக்கும் நிமிஷக் கணக்கில் கொடுக்கவேண்டும் என்று வைத்தார்கள். பிரிட்டனிலோ கைப்பேசி எண்கள் 07 என்று தொடங்கும். பார்த்தவுடனே விஷயம் விளங்கிவிடும். ஆதலால் அங்கே கூப்பிட்டவர் கொடுத்தார்.

இரண்டு ஏற்பாட்டிலும் குறை உண்டு. 2001-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்ற நம் தமையனார், “ராத்திரி ஒன்பது மணிக்கு மேலே கூப்பிடு, பகலில் நீ கூப்பிட்டால் என் நிமிஷம் குறைகிறது” என்பார். ஒன்பது மணிக்கு மேல் அங்கே பேச்சு இலவசம். தம்பியின் குரலைக் கேட்பதற்கும் கடிகாரத்தைப் பார்க்கவேண்டியிருந்தது! ஐரோப்பாவில் வேறு விதமான சங்கடம். ஓர் எண்ணுக்குப் போய்ச் சேர அந்த எண்ணுக்குரிய கம்பெனியின் வாசலைத் தவிர வேறு வழியில்லை. ஆகையால் அக்கம்பெனி கேட்டதுதான் சுங்கம். அடக்க விலையை ஒட்டி அதைக் குறைக்கும்படி 2009-இல் ஐரோப்பியக் கமிஷன் சிபாரிசு செய்ய நேர்ந்தது.

நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டில்லியிலிருந்த மந்திரி சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார். ஆரம்ப வருஷங்களில் பேசினவரும் கொடுத்தார், கேட்டவரும் கொடுத்தார். நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரையில் ஆயிற்று. 2003 மே மாதத்தில்தான் வரும் அழைப்பு இலவசமாயிற்று. அன்றுமுதல் கைப்பேசி ஏழையின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது.

அதோடு ‘மிஸ்டு கால்’ என்னும் சாமர்த்தியமும் பரவியது. இரண்டு மணி அடித்து நிறுத்தினால் ‘கூப்பிடு’ என்று பொருள். இத்தாலியர்கள் இதற்கு ‘ஸ்குவில்லோ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமது பள்ளிக்கூடத்துப் பெற்றோரில் பாதிப்பேர் இப்படித்தான் நம்மை அழைத்துவந்தார்கள். பையனைப் பற்றி அறிய அவர்களுக்கு ஒரு காசு செலவில்லை. நமக்கும் அது பாரமாக இருந்ததில்லை.

2018-ஆம் ஆண்டின் கடைசியில் இந்தச் சௌகரியத்துக்கு முடிவு வந்தது. இருபத்தெட்டு நாளைக்கு 35 ரூபாயாவது கட்டாவிட்டால் வரும் அழைப்பும் நின்றுபோகும் என்று கம்பெனிகள் ஏற்பாடு செய்தன. இருபத்தெட்டு நாள் கணக்கில் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் ஆகிறது என்பதை நமது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். பிறகு அந்தத் தொகையும் பன்மடங்காக ஏறிவிட்டது.

சென்ற ஆண்டு நம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்குக் கடுஞ்சுரம் கண்டது. தாயார் கட்டட வேலை செய்கிறவள். அவள் எண்ணுக்கு ஆறு தரம் கூப்பிட்டும், இணைப்பு துண்டிக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் மரியாதையாகச் சொல்லிற்று. பையனை நாமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். சாயங்காலம் ஓடிவந்த தாய், “ரெண்டு வாரமா வேலை இல்லைங்க சார், போனுக்குக் காசு போடல” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் யாரையும் கூப்பிட ஆசைப்படவில்லை. பிறர் தன்னைக் கூப்பிடும்போது கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

பிரிட்டனில் முன்பணம் கட்டும் சாதாரணத் திட்டங்களில், சில மாதங்களுக்கு ஒருமுறை உபயோகித்தாலே இணைப்பு உயிரோடிருக்கிறது. நம் நாட்டிலும் 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் தரவேண்டும், அதற்கு 365 நாள் வரையில் தவணை வைக்கலாம் என்று உத்தரவிட்டது. ஆனால் விலையை அது நிர்ணயிக்கவில்லை. வரும் அழைப்பை மட்டும் பெறுவதற்கு வருஷத்துக்கு ஒரு சிறு தொகை என்று வைத்தால் கம்பெனிகள் முழுகிவிடமாட்டா. கூப்பிடுகிறவர்தான் கொடுக்கிறாரே!

அது வரும்வரையில் நேயர்கள் ஒன்று செய்யலாம். தங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாளின் கைப்பேசி இந்த மாதம் உயிரோடிருக்கிறதா என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கட்டும்.