கதீற்றருக்குள் குடியேறியவை

2025 மார்ச் 3, திங்கள்

அப்பாவின் சிறுநீர்க் குழாய், அதாவது கதீற்றர், மறுபடியும் அடைத்துவிட்டது. விடியப்புறத்திலிருந்து பையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஜிந்துப்பிட்டிச் சந்தியில் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மிஸி கழற்றிய குழாயைப் பார்த்தேன். நுனித் துவாரம் முழுக்கக் கரகரப்பான வெள்ளைப் படிவு. புதுக் குழாய் போட்டபின் சிறுநீரைக் கல்ச்சருக்கு எடுத்தார்கள்.

மார்ச் 6, வியாழன்

ரிப்போர்ட் வந்தது: புரோட்டியஸ் மிரபிலிஸ் என்ற பற்றீரியா. திரவத்தில் நீந்தும்போது இது 2 மைக்ரோமீற்றர் அளவுள்ள சிறு கோல். திண்மப் பரப்பில் முட்டினால், அதை நீந்தவைக்கும் சவுக்குமுளை சுழல முடியாமல் தடைப்படும். அந்தத் தடைதான் அதற்குக் கிடைக்கும் செய்தி. உடனே பிரிவதை நிறுத்திப் பத்து மடங்குக்கும் மேல் நீளும். உடம்பெங்கும் ஆயிரக்கணக்கில் சவுக்குமுளைகள் வரும். கூட்டமாய்ப் படர்ந்து குழாயில் மேலேறும். பிறகு அதன் யூரியேஸ் நொதியம் யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். சிறுநீர் காரமாகி மக்னீசியமும் கல்சியமும் பொஸ்பேற்றுப் பளிங்குகளாகப் படியும். அன்று பார்த்த வெள்ளை அதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

ஏ.எல். வகுப்பில் இதையே பாடமாக்கினேன். நீந்துவதா, ஒட்டுவதா என்பதைப் பல பற்றீரியாக்களில் வட்ட-டை-ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு தீர்மானிக்கிறது. 1987இல் ஜெருசலேமில் மோஷே பென்ஸிமனின் குழு, செலுலோசு செய்யும் ஒரு பற்றீரியாவில் அதைக் கண்டுபிடித்தது. சூடோமோனாசில் அதன் அளவு கூடினால் சவுக்குமுளை அடங்கி, சர்க்கரைப் பசை சுரந்து, உயிர்ப்படலம் கட்டப்படும். குறைந்தால் கலைந்து நீந்தும்.

"அப்ப டீச்சர், அதைக் குறைச்சுவிட்டா எல்லாம் கழண்டுடுமே?" என்றாள் முன்வரிசைப் பிள்ளை. ஆய்வுகூடங்கள் தேடுவதும் அதைத்தான். பார்மசியில் வாங்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

பக்கத்து வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தது. அப்பா ருசித்துக் குடித்துவிட்டுக் கேட்டார்: "மருந்து போட்டும் ஏன் புள்ள திரும்பத் திரும்ப வருது?"

தனியே மிதக்கும் பற்றீரியாவை அன்ரிபயோட்டிக் கொன்றுவிடும். குழாயில் கட்டிய உயிர்ப்படலத்தின் அடியில் இருப்பவை மெதுவாக வளர்கின்றன. வளரும் கலத்தைத் தாக்கும் மருந்து அவற்றிடம் பலிப்பதில்லை. ஆயிரம் மடங்கு செறிவைக்கூடத் தாங்குபவை உண்டு. "அதனாலதான் அப்பா, முதல்ல குழாயை மாத்திட்டு மருந்தைத் தொடங்கினாங்க" என்றேன்.

மார்ச் 13, வியாழன், போயா

டொக்டரிடம் கேட்டுத்தான் சீனி போடாத தேசிக்காய்த் தண்ணீர் கொடுக்கிறேன். நிறையக் குடித்தால், அதிலும் தேசிக்காயிலுள்ள சித்திரேற்று சேர்ந்தால், பளிங்கு படிவது தாமதமாகும் என்று கார்டிஃபில் டேவிட் ஸ்டிக்ளரின் குழு காட்டியிருக்கிறது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே.

இதெல்லாம் தள்ளிப்போடும் வழிகள்தான். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் பற்றீரியா குடியேறும் வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 7 வரை. அடுத்த கிளினிக்கில் எந்த மருந்து என்று கேட்கப்போவதில்லை. கதீற்றர் இல்லாமல் அப்பாவால் போக முடியுமா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பேன்.