பொருளில் பொருள் கண்டவர்

தமிழில் 'பொருள்' என்னும் சொல் வியப்புக்கு உரியது. கையால் தொடும் பண்டமும் பொருள். சொல்லால் உணர்த்தப்படும் கருத்தும் பொருள். சொல்லுக்குப் பொருள் உரைப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவன் நான். பிறர் எறிந்த பண்டத்துக்குப் பொருள் உரைக்கும் ஓர் ஆசிரியரைப் பற்றி முதுமையில் அறிந்தேன், அகம் மகிழ்ந்தேன். அவர் பெயர் எல் அனாட்சுயி.

ஆப்பிரிக்காவின் மேலைக் கரையில், இன்று கானா எனப்படும் நாட்டில், அன்யாக்கோ என்னும் ஊரில் 1944-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். குமாசி நகரில் கலை பயின்றார். ஆங்கு மேலைநாட்டு முறையே பெரிதும் கற்பிக்கப்பட்டது. அவர் உள்ளமோ தம் மண்ணின் மரபை நாடியது. சந்தையில் பண்டம் பரப்பும் மரத்தட்டுகளை எடுத்து, காய்ச்சிய இரும்பால் அவற்றில் கோலம் பொறித்தார். 1975-இல் நைஜீரியாவின் என்சுக்கா நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். மண்ணும் மரமும் கொண்டு பல்லாண்டு உழைத்தார்.

1998-இல் அவ்வூரின் அருகே எறியப்பட்டுக் கிடந்த பை ஒன்றைக் கண்டார். அதனுள் மதுப்புட்டிகளின் அலுமினிய மூடிகள் நிறைந்திருந்தன. அவற்றைத் தட்டி, மடித்து, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்தார். ஆயிரக்கணக்கான மூடிகள் கூடிப் பொன்னாடை போலச் சுவரில் அலையலையாகத் தொங்கின. இப்பணியில் இளைஞர் பலர் அவருக்குத் துணைநின்றனர். இவ்வாடையின் மடிப்பு இவ்வாறே அமைதல் வேண்டும் என்று அவர் விதிப்பதில்லை. தொங்கவிடும் இடத்துக்கேற்ப அது மாறும்.

மாணவர்களே, அம்மூடிகளுக்குள் ஒரு துயர வரலாறு உண்டு. ஐரோப்பிய வணிகர் முற்காலத்தில் மதுவைக் கப்பலேற்றி ஆப்பிரிக்கக் கரைக்குக் கொணர்ந்தனர். அதனையும் பிற பண்டங்களையும் கொடுத்து மனிதரை வாங்கினர். கடல் கடந்த கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக விற்றனர். அவ்வேழைகள் விளைத்த கரும்பின் பாகே மீண்டும் மதுவாயிற்று. 2023-இல் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் கப்பற்பாய் போன்ற பேராக்கம் ஒன்றை அவர் தொங்கவிட்டார். அக்கப்பல்களையே அது நினைவூட்டியது.

2015-இல் வெனிசு நகரக் கலைவிழா, வாழ்நாள் தொண்டுக்கான பொற்சிங்க விருதை அவருக்கு அளித்தது. அம்மூடிகளைக் கண்டெடுத்தபோது அவர் ஐம்பதைக் கடந்தவர். புகழோ அதன் பின்னரே பெருகிற்று. அதுவரை அவர் கைகள் ஓய்ந்திருக்கவில்லை. மனிதரையே பண்டமாக்கிய வாணிகத்தின் எச்சத்தை எடுத்து, பலர் கைகளும் கூடிச் செய்யும் ஆடையாக்கினார். ஆழ்ந்து நோக்குவார்க்கு எறிந்த மூடியும் ஒரு நூலே. அதற்கு அவர் வரைந்த உரையை நீங்களும் கற்பீர்களாக!