எல்லாம் செய்யும்... பேசத்தான் செய்யாது!

சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாகப் பத்து நிமிஷம் நடந்தால் ரிச்சி தெரு. வழி கேட்கவே வேண்டாம். ஈயம் உருக்கும் வாசனை மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்!

தெரு என்றுதான் பெயர். உள்ளே போனால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். ரேடியோ உதிரி பாகங்களில் ஆரம்பித்து டி.வி., டேப் ரிக்கார்டர், கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்துக்கேற்ப வேஷம் மாற்றிக்கொண்ட பேட்டை இது. டில்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடி நாம்தான் என்று இங்கே மார்தட்டுவார்கள். நடைபாதையில் சார்ஜர்கள் கொத்தவரங்காய் மாதிரி கட்டுக் கட்டாகத் தொங்க, "சார், டெம்பர் கிளாஸ்... சார், பேக் கவர்..." என்று நாலு பக்கமும் குரல்கள். சட்டைப்பையில் போன் துருத்திக்கொண்டிருந்தால் தீர்ந்தது. மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைக்காது!

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இந்த ஜனசமுத்திரத்தில் என் பெரியப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

பெரியப்பா, திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர். பிள்ளை பெங்களூரில். வீட்டில் அவரும் பெரியம்மாவும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போன். அந்தப் போனுக்குத்தான் விசித்திரமான வியாதி. யூ டியூப் ஓடும். வாட்ஸ்அப் வரும். காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூவோடு 'குட்மார்னிங்' தவறாமல் விழும். ஆனால், நம்பரை அழுத்தினால் இரண்டு விநாடி யோசித்துவிட்டு 'டொக்'கென்று கட் ஆகிவிடும்.

சிரிக்கிற விஷயமில்லை. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பெரியம்மாவுக்கு மூச்சுத்திணறல். ஆஸ்துமா. தெருக்கோடி ஆட்டோக்காரருக்குப் போன் போட்டிருக்கிறார், கட். பிள்ளைக்குப் போட்டிருக்கிறார், கட். மறுபடி மறுபடி அதே 'டொக்'. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, எழுபத்துநாலு வயசு மனிதர் செருப்பு கூடப் போடாமல் ஓடிப் போய் ஆட்டோக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். நல்லவேளை, ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்ததும் பெரியம்மாவுக்குச் சரியாகிவிட்டது.

"எத்தனை பேருக்குத் தந்தி அடிச்சிருக்கேன் தெரியுமாடா? அர்த்தராத்திரியிலேயும் சேதி போய்ச் சேர்ந்திருக்கு. எனக்கு ஒரு அவசரம்னா கைல இருக்கறது வேலை செய்யலையே!" என்றார் பஸ்ஸிலிருந்து இறங்கியதும். அந்தத் தந்தியையும் 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள் என்பது அவருக்கு இன்னும் ஆறாத குறை.

முதல் கடையில் ஒரு பையன். அரை நிமிஷம் போனைப் புரட்டினான். "நெட்வொர்க் ஐ.சி. போயிடுச்சு சார். போர்டு வேலை. மூவாயிரத்தைந்நூறு ஆகும். நாளன்னிக்கு வாங்க."

இரண்டாவது கடைக்காரர் போனைத் தொடவே இல்லை. "இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட் சார். புதுசு எடுத்துக்குங்க, இ.எம்.ஐ. இருக்கு!"

பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார். எனக்கோ ஒரு சந்தேகம். டீ குடிக்க ஒதுங்கிய இடத்தில், டீக்கடைக்காரரையே கேட்டேன். "மாடில ஒரு பாய் இருக்காரு. கடைக்காரங்களே முடியாததை அவர்கிட்டதான் குடுப்பாங்க" என்று செங்குத்தான ஒரு படிக்கட்டைக் காட்டினார்.

மேலே, ரயில் பெட்டி அகலத்துக்கு ஓர் அறை. மைக்ராஸ்கோப்புக்குப் பின்னால் நாற்பது வயசு மதிக்கத்தக்க பாய். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பார் என்று பார்த்தால், கேள்விதான் எடுத்தார். ரீசார்ஜ் இருக்கிறதா, போன் கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா... டாக்டர் தோற்றார்!

"இருக்குங்க. விழலை. படலை."

"பெரியவரே, சிம்மைக் கழட்டட்டுங்களா?"

பெரியப்பாவின் சிம்மைத் தன் போனில் போட்டார். கால் போனது. "சிம் நல்லாருக்கு." தன் சிம்மைப் பெரியப்பா போனில் போட்டார். 'டொக்'! "அப்ப கோளாறு போன்லதான்." அடுத்து, நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தினார். பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் அழகாக வந்தது.

"கீழே நெட்வொர்க் ஐ.சி. போச்சுன்னாங்க பாய்..." என்று இழுத்தேன்.

"போயிருந்தா நெட் எப்படி சார் ஓடும்? டவர் பாயிண்ட்டே காட்டாதே!" என்று சிரித்தவர், சிம்மை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி டயல் செய்து, திரையின் உச்சியைக் காட்டினார். "இங்க பாருங்க. கால் போகும்போது 4ஜின்னே நிக்குது. கீழே இறங்கவே இல்லை. அதான் வியாதி."

பிறகு அவர் விளக்கியது எனக்கே புது பாடம். 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டில்லியில் மத்திய மந்திரி சுக்ராமிடம் முதல் செல்போன் கால் பேசினாரே, அந்தக் காலத்திலிருந்து பேச்சுக்கென்று தனிப் பாதை உண்டு. 2ஜி, 3ஜி வரை அப்படித்தான். 4ஜி-யில் அந்தத் தனிப் பாதை கிடையாது, எல்லாமே டேட்டாதான். குரலையும் டேட்டாவாக நறுக்கித்தான் அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் வோல்ட்டி. அந்த வசதி இல்லாத பழைய போன் என்ன செய்யும்? கால் பேசும்போது மட்டும் 2ஜி-க்கு இறங்கிப் பேசிவிட்டு, மறுபடி 4ஜி-க்கு ஏறிக்கொள்ளும்.

"இந்த போன்ல வோல்ட்டி இல்லை. கீழே இறங்கித்தான் பேசணும். யாரோ படிக்கட்டுக் கதவைப் பூட்டிட்டாங்க!"

நட்சத்திரம், ஹாஷ், நட்சத்திரம், ஹாஷ், 4636, மறுபடி ஹாஷ், நட்சத்திரம், ஹாஷ், நட்சத்திரம். ரகசிய மெனு ஒன்று திறந்தது. அதில் 'எல்.டி.ஈ. ஒன்லி' என்றிருந்தது. அதாவது, 4ஜி தவிர வேறு எதையும் தொடாதே என்று உத்தரவு!

பெரியப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பேரன் லீவுக்கு வந்தப்ப, 'தாத்தா, நெட்டை ஸ்பீடாக்கித் தரேன்'னு என்னமோ நோண்டினான்..."

"அவன் சொன்ன மாதிரி ஸ்பீடு வந்திருக்கும் பெரியவரே. பேச்சுதான் போயிடுச்சு" என்று பாய் பழைய நிலைக்கு மாற்றிக் கொடுத்தார். பெரியப்பா பக்கத்து வீட்டுக்கு டயல் செய்தார். உச்சியில் 4ஜி மறைந்து 2ஜி வந்தது. மணி அடித்தது.

"யாரு, கமலாவா? உங்க பெரியம்மாகிட்ட குடும்மா... ஆமாம்மா, நாந்தான்... மாத்திரை போட்டுக்கிட்டியா?" அதற்கு மேல் குரல் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எவ்வளவு பாய்?" என்றேன்.

"நூறு ரூபா குடுங்க. சும்மா செஞ்சா, அடுத்த தடவை வரக் கூச்சப்படுவீங்க" என்றவர், ஒன்று சேர்த்துச் சொன்னார். "உங்க ஊர்ல 2ஜி இருக்கற வரைக்கும்தான் இது பேசும் பெரியவரே. அடுத்த போன் வாங்கறப்போ, உங்க சிம்முல வோல்ட்டி வேலை செய்யுதான்னு கடையிலேயே பேசிப் பாத்து வாங்குங்க."

ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர்தான் வரவேற்கும். 'போர்டு போச்சு' என்று யாராவது சொன்னால் உடனே பர்ஸைத் திறக்காமல், சிம்மை வேறு போனில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பைசா செலவில்லாத பரீட்சை. நெட் ஓடுகிறது, கால் மட்டும் போகவில்லையென்றால், செட்டிங்கில் வோல்ட்டியையும் நெட்வொர்க் வகையையும் பார்த்துவிட்டுப் படியேறுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அப்பா, அம்மா போனிலிருந்து ஒரு தடவை நிஜமாகவே கால் போகிறதா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ வருவது அதற்கு அத்தாட்சி இல்லை!

திரும்பும்போது பெரியம்மாவுக்கென்று ஒரு பட்டன் போனும் வாங்கினார் பெரியப்பா. "இது என்னென்ன செய்யும்?" என்று கேட்டார்.

"பேசலாம் ஐயா. டார்ச் எரியும். அவ்வளவுதான்."

"அது போதும்" என்றார்.

இப்போதெல்லாம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் போன் அடிக்கிறது. தூக்கக் கலக்கத்தில் எடுத்தால் பெரியப்பா. "ஒண்ணுமில்லடா, லைன் போகுதான்னு பாத்தேன். வெச்சிடறேன்!"